அக்கா மஞ்சள் தடவிய பத்திரிகைகள்

இந்த நினைவு மலருக்குக் காகிதம் பார்ப்பதற்காகக் கடைவீதியில் உள்ள கல்யாணப் பத்திரிகைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மாதிரித் தாளை நீட்டியதும் என் விரல் தானாகவே அதன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தது. அக்கா அப்படித்தான் பார்ப்பார். "அந்தம்மா பழக்கம் ஒங்களுக்கும் வந்துடுச்சு சார்" என்றார் கடைக்காரர். உங்கள் கையில் இருக்கும் பளபளப்பில்லாத தாள் அப்படித் தேர்ந்ததுதான்.

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறேன். அதோடு இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அக்காவின் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில், முப்பது வருடங்களுக்கு மேலாக நாம் யாரும் வாயால்கூடச் சொல்லாத ஒருவரின் பெயர் இருந்தது. அக்காவை விட்டுப் போன கணவரின் பெயர். அதை யார் போடச் சொன்னது என்று பலர் கேட்டீர்கள். எங்கள் தாய்மாமன் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, பிறகு சாப்பிடாமலே எழுந்து போனார். முக்கியமாக அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், நெல்லும் உளுந்தும் விதைக்கும் குடும்பத்தில் அக்கா பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. அம்மா நடவுக்குப் போனார். அக்கா தன் படிப்பை நிறுத்திக்கொண்டு என்னை ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் அழுதுகொண்டே போனேன் என்பதை ஊரில் பலருக்கு அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஓட்டிய ஒருவருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். நான்காம் வருடம் அவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தார். ஊரார் விசாரிப்பைத் தாங்க முடியாமல் மூவரும் விருத்தாசலத்துக்குக் குடிவந்தோம். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. சுட்டு எடுத்த சாமிப் பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அவர் எழுதிய எந்தப் பிள்ளையாருக்கும் மாறுகண் கிடையாது என்று நான் கேலி செய்வேன். அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் பள்ளிக்கூட எழுத்தரானதும், எனக்குத் திருமணம் ஆனதும், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அக்காவால்தான்.

கண் எழுதிப் பழகிய கை என்பதால் அவர் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். உறவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைத் தேர்வும் கவர் எழுதுவதும் அக்கா பொறுப்பு. மணமேடைப் பக்கம் அவரை வரவிடத் தயங்கிய வீடுகள்கூடக் கவர் எழுத மட்டும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டன. அக்கா அதற்கும் போவார். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

பத்திரிகைக் கடைக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தில் மஞ்சள்தூள் எடுத்துப் போவார். விரலை நனைத்து, மஞ்சளைத் தொட்டு, மாதிரிக் கவரின் மூலையில் வைத்துப் பார்ப்பார். வழவழப்பான கவரில் மஞ்சள் பிடிக்காமல் வழியும். "நாலு மூலையும் மஞ்ச நிக்காத கவரு எதுக்குங்க?" என்று தள்ளிவிடுவார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். "நீங்க வந்துட்டுப் போனா எங்க ஆல்பமே கல்யாணக் களை கட்டிடுதும்மா" என்பார். பிறகு அக்கா சோதித்துப் பார்ப்பதற்கென்றே அவர் ஒரு பழைய ஆல்பத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கவரின் மேல் சாமி படம் கூடாது என்பார் அக்கா. கவரைக் கிழித்துக் கீழே போடுவார்கள், சாமி காலில் மிதிபடும். படம் உள்ளே இருக்க வேண்டும்.

அச்சானதும் முதல் பத்திரிகையை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படிப்பார். பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போய்விட்டதா, யார் பெயராவது விட்டுப்போய்விட்டதா என்று பார்ப்பார். விட்டுப்போன பெயரால் பத்து வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகளை நம் உறவிலேயே அவருக்குத் தெரியும்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கஷ்டமானது.

என் மகளுக்குக் கடலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தார். அக்காதான் பத்திரிகையைத் தேர்ந்தெடுத்தார். சந்தன நிறத்தில் கெட்டியான தாள். மஞ்சள் நன்றாக நின்றது. உறவினர் பட்டியலையும் அவர்தான் எழுதிக் கொடுத்தார். 'அத்தை மாமா' என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டு, "அத நீ பாத்துக்கோ தம்பி" என்றார். நான் அக்கா பெயரை மட்டும் எழுதிக் கடையில் கொடுத்தேன்.

புரூஃபை இரண்டு வீட்டாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. அத்தை பேரு தனியா நின்னா எங்க சைடுல மாமா எங்கன்னு கேப்பாங்க. நாங்க என்னான்னு சொல்றது?"

அந்த ஆள் பெயரைச் சேர்த்துப் போட எனக்கு மனமில்லை. அக்கா பெயரைத் தனியாக நிறுத்தத் தைரியமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"அந்த வரிய எடுத்துடும்மா."

"எடுத்தா எடம் காலியா இருக்கும் சார்."

"ஒரு பூ போட்டுடு."

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. அக்கா பாயில் உட்கார்ந்து முதல் பத்திரிகையை எடுத்துப் படித்தார். நான் எழுந்து போயிருக்கலாம். போகாமல் நின்றேன். விரல் பெரியப்பாவைத் தாண்டி, சித்தப்பாவைத் தாண்டி, தாய்மாமனைத் தாண்டிப் பூவில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"பூ நல்லா இருக்குது" என்றார் அக்கா.

அவ்வளவுதான். என் மனைவி அழுதுகொண்டே சமையலறைக்குள் போய்விட்டார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். அக்கா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தார். மூன்று நாள் பட்டறைக்கு லீவு போட்டு, ஐந்நூறு கவருக்கும் நாலு மூலையில் மஞ்சள் வைத்தார், ஐந்நூறு விலாசம் எழுதினார். ஒரு பெயரிலும் பிழையில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு கவரை மட்டும் தனியாக என்னிடம் நீட்டினார். அதில் அவர் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் அவர் கையெழுத்திலேயே இருந்தன.

"என்னாக்கா வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லடா. பத்திரிகைக்குள்ள பேரு இருந்தா கூப்புடுறவங்க. இல்லன்னா கூப்புட்டா வர்றவங்கதானே? நீயும் ஒம் பொண்டாட்டியும் தட்டுல வச்சுக் குடுங்க. கூப்புடாம வந்துட்டான்னு யாரும் சொல்லக் கூடாதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். கவரைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன். ஒரு தட்டு, இரண்டு வெற்றிலை, ஒரு பழம். வாசலிலிருந்து கூடத்துக்குப் பத்தடி தூரம். நான் அதைச் செய்யவில்லை. கல்யாணத்துக்கு அக்கா வந்தார். பந்தியில் பரிமாறுபவர்களோடு நின்றார். போட்டோ எடுக்க என் மகள் மேடையிலிருந்து "அத்தே, அத்தே" என்று மூன்று முறை கூப்பிட்டும், கை சாம்பாராக இருக்கிறது என்று வராமலே இருந்துவிட்டார்.

மகன் கல்யாணத்தில் அத்தை பெயரை முதலில் போட்டு எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகனுக்குப் பெண் பார்க்கும் முன்பே அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நான்கு மாதம் வீட்டில் இருந்தார். அந்த நான்கு மாதமும் பீரோச் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. நாளைக்கு அந்தக் கவரைக் கொடுக்கலாம் என்று தினமும் நினைத்தேன். கொடுத்தால் அவர் சாகப் போவதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை, கஞ்சி குடித்த பிறகு, அக்காவே பேச்சை எடுத்தார்.

"தம்பி, என் காரியத்துக்கு அடிக்கிற பத்திரிகையில யாரு பேரையும் வுட்டுடாத. அவரு பேரையும் போடு."

"அந்தாளு பேரு எதுக்குக்கா? மாமன்லாம் சும்மா இருப்பாங்களா?"

"வூட்டுக்குள்ள வந்து ஒக்காரணும்னு நான் சொல்லல. பேரு மட்டும் போடு. தன் பேரு இல்லாத பத்திரிகைய கையில வாங்குனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது அவருக்கு வேணாம்."

கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் பத்திரிகையைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது நாள் கழித்து அவர் போய்விட்டார்.

மாமா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தப் பெயரைப் போடச் சொன்னவர் அக்கா. ஒருமுறை பேச்சைக் கேட்டுப் பெயரை எடுத்த நான், மறுமுறையும் எடுத்திருந்தால் மனிதனே இல்லை. அந்தப் பெயருக்குரியவர் வந்தார். காரியத்தன்று பந்தலின் ஓரத்தில், பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். உட்காரவில்லை, சாப்பிடவில்லை. என்னிடம் வந்து, "பேரு போட்டிருந்தீங்க" என்றார். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை.

அந்தக் கவர் இப்போது அக்கா படத்தின் முன்னால் இருக்கிறது. மஞ்சள் நாலு மூலையிலும் அப்படியே நிற்கிறது. உயிரோடு இருந்தவரிடம் கொடுக்காததைப் படத்துக்கு முன் வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அக்கா படுத்திருந்த நாட்களில் தினமும் வந்து தலை வாரிவிட்ட பட்டறைத் தோழியருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், உடம்பு துடைத்துவிட்ட செவிலியர் அம்மாவுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்த என் மகளுக்கும், அவளை அனுப்பி வைத்த சம்பந்தி வீட்டாருக்கும், எங்கள் தாய்மாமனுக்கும், பந்தலோரம் நின்றுவிட்டுப் போனவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் புரூஃபைப் பார்க்கப் போனபோது கம்ப்யூட்டரில் அதே பெண்தான் உட்கார்ந்திருந்தார். இதற்குக் கீழே, எல்லா மலரிலும் போடுவதுபோல், 'யார் பெயரேனும் தவறுதலாக விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்' என்று சேர்த்திருந்தார்.

"அந்த வரிய எடுத்துடும்மா" என்றேன்.

"எடுத்தா எடம் காலியா இருக்கும் சார். பூ போடவா?"

"வேணாம்மா. காலியாவே இருக்கட்டும்."