தவக்காலத்தில் டிராகன்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் நழுவ முடியாது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு சாப்பிட உட்காரும்போது, நாற்பது நாளைக்கு எதை ஒறுக்கப் போகிறோம் என்று ஆளாளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் செல்லாது. இது அப்பா வைத்த சட்டம். என் கணவர் வருடா வருடம் ஆட்டுக்கறியை விடுவார். டாக்டர் அதை எப்போதோ நிறுத்தச் சொல்லிவிட்டார், ஆனாலும் சிலுவையைத் தானே சுமப்பதுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்வார். அதிலும் ஞாயிற்றுக்கிழமை தட்டில் கறி இருக்கும். தவக்காலத்தில் ஞாயிறு கணக்கில் வராதாம். கோயில் சட்டத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியாது, இது மட்டும் தெரியும்.

போன வருடம் என் முறை வந்தபோது அவர் என் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இந்த வருஷம் அந்த கேம விட்டுடு.”

“கேம விட முடியாது. டிராகன விட்டுடறேன்.”

“இன்னாது?”

“டிராகன். நாப்பது நாள் அத எறக்க மாட்டேன். வேணும்னா சாமி முன்னாடி சத்தியம் பண்றேன்.”

அவர் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். அவர் என்ன கண்டார்? டிராகன் இல்லாமல் அந்த ஆட்டத்தை ஆடுவது, உப்பில்லாமல் நாற்பது நாள் மீன் குழம்பு சாப்பிடுவதற்குச் சமம்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காலையில் உழவர்கரையிலிருந்து கம்பெனி வேனில் போகும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும் ஆடுவேன். ஆட்டம் சுலபம். நடுவில் ஓர் ஆறு, இந்தப் பக்கம் நம் கோபுரங்கள், அந்தப் பக்கம் எதிராளியின் கோபுரங்கள். சீட்டுச் சீட்டாக ஆட்களை இறக்கி, அவன் கோபுரத்தை இடிக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றால் அன்று பூரா வெளியே போகிற மூடிகளில் ஒன்றுகூடத் தேறாது.

டிராகன் பறக்கும். அதற்கு ஆறும் கிடையாது, பாலமும் கிடையாது. தரையில் வருகிறவனையும் எரிக்கும், வானத்தில் வருகிறவனையும் எரிக்கும். கும்பலாக வந்தால் கும்பலையே ஒரே மூச்சில் வறுத்துவிடும். கோயில் பீடத்தில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறதே, அதே ஜாதிதான். ‘சாத்தானை போனில் வளர்க்கிறாள்’ என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

இவ்வளவு பெருமை இருந்தும், அதைத் தனியாக அனுப்பினால் கோபுரத்து அம்புகள் ஐந்தே நொடியில் கீழே தள்ளிவிடும். முதலில் ராட்சசனை நடக்க விட வேண்டும். அம்பெல்லாம் அவன் மேல் விழும். எதிராளி அவனைச் சூழ்ந்துகொள்ள எலும்புக்கூட்டுப் பட்டாளத்தையோ வௌவால் கூட்டத்தையோ இறக்குவான். அதுவரைக்கும் டிராகனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அவன் இறக்கி முடித்த பிறகுதான் நாம் இறக்க வேண்டும். நான் அப்படிச் செய்ததே இல்லை. ஆட்டம் தொடங்கியதும் பாலத்தடியில் டிராகனைத் தூக்கிப் போடுவேன். அது போய்ச் சாகும். நான் எதிராளியைத் திட்டுவேன்.

ஆட்டத்தை என் போனில் ஏற்றிக் கொடுத்தவன் என் அண்ணன். பிரான்சில் இருக்கிறான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் எங்களுடையது, தெருவில் பாதி வீட்டுக்கு அங்கே ஒருத்தர் உண்டு, அதில் விசேஷம் ஒன்றுமில்லை. லீவில் வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, “மொதல்ல எறக்காதடி, மொதல்ல எறக்காதடி” என்று ஜெபமாலைபோல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் காதில் வாங்கவில்லை.

தவக்காலத்துக்கு ஏழு மாதம் முன்னால் அப்பா இறந்துபோனார். அண்ணனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் டிக்கெட் கிடைத்தது. வரும்வரை வைத்திருங்கள் என்றான். சொந்தக்காரர்கள் எல்லோரும் காத்திருக்கலாம் என்றார்கள். அப்பாவை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கு நுனியில் நீர் கோத்துக்கொண்டு படுத்திருப்பவராகப் பார்க்க என்னால் ஒரு மணி நேரம்கூட முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

“நீ வர்றப்ப வா. நாங்க அடக்கம் பண்ணிடறோம்.”

மறுநாளே அடக்கம் செய்துவிட்டோம். அண்ணன் வந்து, ஈர மண்ணைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். அதன் பிறகு போன் இல்லை. கல்லறைக்கு நானும் கல் வைக்கவில்லை. கல்லில் என்ன எழுதுவது என்று அவனைக் கேட்க வேண்டும், கேட்டால் நான் முதலில் பேசினவள் ஆகிவிடுவேன்.

ஆனால் ஆட்டத்தில் நாங்கள் ஒரே குழுவில் இருந்தோம். அவனும் விலகவில்லை, நானும் விலகவில்லை. குழுவில் இருப்பவர்கள் நாளைக்கு ஒரு சீட்டு கேட்கலாம், யாரிடம் இருக்கிறதோ அவர் கொடுக்கலாம். நான் தினமும் காலையில் வேன் ஏறியதும் டிராகன் கேட்பேன். அந்த டிராகன் சீட்டு அண்ணனிடம்தான் மிகுதியாக இருந்தது. மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பார்த்தால் வந்திருக்கும். கீழே அவன் பெயர். ஏழு மாதமும் ஒரு நாள் தவறவில்லை. எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மணிக்காக நான் காத்திருந்தது உண்மை.

இந்த லட்சணத்தில்தான் டிராகனை ஒறுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி வைத்தேன். மறுநாளிலிருந்து வில்லாளிகளைக் கேட்டேன். வில்லாளிகள் எல்லோரிடமும் இருப்பார்கள், கேட்ட நிமிடமே யாராவது கொடுத்துவிடுவார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை, டிராகன் இல்லாமல் தோற்றுக்கொண்டிருந்ததில் மும்முரமாக இருந்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் வேன் டிரைவர்தான். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார், கம்பெனி கேட்டில் நிறுத்தியதும் முதல் வேலை அதுதான். தவக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், நான் இறங்கும்போது கூப்பிட்டார்.

“அக்கா, ஒங்க அண்ணன் ரெண்டு வாரமா ஆடவே இல்ல. நாளைக்குள்ள ஆடலன்னா திங்கக்கெழம தூக்கிடுவேன். தப்பா நெனச்சிக்காதீங்க, எல்லாருக்கும் ஒரே ரூல்தான்.”

படியில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. ஏழு மாதம் தினமும் அவனிடம் கேட்டவள், ஒரு நாள் காலையில் திடீரென்று நிறுத்திவிட்டேன். என் வீட்டு ஒறுத்தல் அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘உன் டிராகனும் வேண்டாம், நீயும் வேண்டாம்’ என்று நான் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பான். அப்பா அடக்கத்துக்கே அவனுக்காகக் காத்திராதவள், இதையும் செய்யக்கூடியவள்தானே. அன்று என் கையிலிருந்து போன மூடிகளைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

டிராகன் கேட்கலாம், ஆனால் சத்தியம் குறுக்கே நின்றது. சாமியா, அண்ணனா என்று நாள் முழுக்கக் குழம்பினேன். மறுநாள் பூசை முடிந்து குருத்தோலையோடு வீட்டுக்கு வந்தால், என் கணவர் பக்தியோடு கறியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஞாயித்துக்கெழம கணக்குல வராதுல்ல?”

“வராது. நான் எத்தன வருஷமா சொல்றேன்.”

அவரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றுதான் முழு மனதோடு நன்றி சொன்னேன். உடனே டிராகன் கேட்டுவிட்டு, அவசரக்காரர்கள் யாரும் அண்ணனை முந்திக்கொள்ளக் கூடாதே என்று குழுவில் எழுதினேன்: ‘தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள்.’ டிரைவர் அடுத்த நிமிடமே போன் செய்தார்.

“அக்கா, டிராகன் வேணும்னு கேட்டுட்டு குடுக்காதீங்கன்னா இன்னா அர்த்தம்?”

“ஒனக்குப் புரியாது. சும்மா இரு.”

அங்கே அப்போது விடிந்திருக்காது. நான் சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். கை கழுவி வந்து ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். மதியம் இரண்டு மணி வாக்கில் டிராகன் வரவில்லை, அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. எட்டு மாதத்தில் முதல் வரி.

‘இப்ப மட்டும் இன்னாத்துக்கு?’

நான் நடந்ததை எல்லாம் எழுதினேன். சாம்பல் புதன், வாய்விட்டுச் சொன்னது, ஞாயிறு கணக்கில் வராதது, எல்லாம். குழுவில் இருந்த முப்பது சொச்சம் பேரும் படித்திருப்பார்கள், படிக்கட்டும்.

‘டிராகனயா ஒறுத்த?’

‘ஆமாம்.’

‘அப்பா இருந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு.’

படித்ததும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிராகன் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு அழைப்பும் வந்தது, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஆடுவதற்கு.

அவன் ராட்சசனை இறக்கினான். என் கையில் டிராகன் துடித்துக்கொண்டிருந்தது. ராட்சசன் பாலம் ஏறினான். போடவில்லை. அம்பு விழுந்தது, அவன் உயிர் பாதிக்கு வந்தது. போடவில்லை. “போடேன்!” என்று தோளுக்குப் பின்னால் நின்று என் கணவரே கத்தினார். எதிராளி வௌவால்களை இறக்கினான், பிறகு எலும்புக்கூடுகளை இறக்கினான். அப்போது இறக்கினேன். மேலே ஒரு மூச்சு, கீழே ஒரு மூச்சு. அத்தனையும் சாம்பல். அடுத்த பத்து நொடியில் கோபுரம் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் நான் போன் போட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை. அவனுக்கு மட்டும் போகிற மாதிரி எழுதினேன்: ‘அன்னிக்கும் காத்திருக்கணும்ணே. அப்பாவ அந்தப் பெட்டியில பாக்க முடியல. தப்பு என்னுதுதான்.’

பதில் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. அவசரப்பட்டு இன்னொரு வரி எழுதப் போன விரலை இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேன் ஏறியதும், சத்தியப்படி, வில்லாளிகள் கேட்டேன். அவசரக்காரர்கள் யாரும் கொடுக்கவில்லை, முந்தின நாள் கூத்துக்குப் பிறகு பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சாப்பாட்டு மணி அடித்தபோது பார்த்தேன். வில்லாளிகள் வந்திருந்தார்கள். கீழே அண்ணன் பெயர். தனியாக ஒரு செய்தியும் இருந்தது.

‘கல்லு இன்னும் வெக்கலியாமே. மே மாசம் வர்றேன். அதுவரைக்கும் வெக்காத.’

எழுதுவதற்கு எனக்கு நூறு வார்த்தை இருந்தது. ‘காத்திருக்கேன்’ என்று மட்டும் போட்டேன்.