துஷ்டி வீட்டுப் போனில் இந்திப் பாட்டு

மாமியார் தவறிப்போய் வீட்டில் துஷ்டி. பதினாறு கழியும்வரை டிவி, ரேடியோ கிடையாது. டிவி மேல் பழைய வேட்டியைப் போர்த்தியே வைத்துவிட்டேன். தாராவியில் எங்கள் சந்துக்குள் மொபைல் சரியாக எடுக்காது. துஷ்டி கேட்கிறவர்கள் வீட்டுப் போனுக்குத்தான் அடித்தார்கள். வாசலோரம் இருந்த அந்தப் போனை, உட்கார்ந்து பேச வசதியாக, நீள வயர் வாங்கி உள்ளே இழுத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மைனி, சங்கரன்கோவிலில் இருக்கிறார். கால் வீங்கிக் கிடந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. பதினாறுக்கு எப்படியும் வந்துவிடுகிறேன் என்று தினமும் காலையில் போன் பண்ணி அழுவார். வயர் மாற்றிய மறுநாள் பேசினால், அவர் அழுகைக்குப் பின்னால் இந்திப் பாட்டு! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெத்த தாய் போயிருக்கா, இவங்க வீட்ல பாட்டு கேக்குதா? அதுவும் சங்கரன்கோவிலில் யார் இந்திப் பாட்டு கேட்கிறார்கள்? துஷ்டி நேரத்தில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன். அவரும் ரெண்டு வார்த்தையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனே இல்லை.

அவர் ரயிலேற வேண்டிய நாளும் வந்தது. கேட்டுவிடலாம் என்று ரிசீவரை எடுத்தால், நம்பர் அடிக்கும் முன்பே பாட்டு. வைத்துவிட்டு எடுத்தேன், மறுபடியும் பாட்டு. டிவியைப் பார்த்தேன், வேட்டி போர்த்தியபடியே இருந்தது. என்ன எழவு இது என்று வயரைப் பிடுங்கி, போனை வாசலிலேயே பழையபடி மாட்டினேன். சத்தமே இல்லை. அந்த வயர் எங்கிருந்தோ ரேடியோவை இழுத்திருக்கிறது. எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. மைனி காதிலும் அதே பாட்டுத்தானே விழுந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

வாசலில் நின்றபடியே அடித்தேன்.

“இப்பவாவது பாட்டை அமத்துனியா?” என்றார்.

“மைனி, அது நாங்க போட்டதில்ல. லைன்லயே வந்திருக்கு. நீங்க போட்டீங்கன்னுல்லா நான் நெனச்சேன்.”

“டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேனேட்டி,” என்றார்.

அதற்குப் பிறகு எந்த ரயிலிலும் இடம் கிடைக்கவில்லை. பதினாறு அன்று போன் உள்ளே எட்டாததால் மாமியார் படத்தை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தோம். வீட்டுக்காரர் ரிசீவரைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைனி அழுதது, பாட்டில்லாமல், நன்றாகக் கேட்டது.