மகரக்கட்டு

மயிலாப்பூரில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்புக்குள் மகரக்கட்டு உடைந்து குரல் தடித்துவிட்டது. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தும் உடையவில்லை. மீசை வந்தது, முகப்பரு வந்தது, ஆம்பளைக் குரல் மட்டும் வரவில்லை. யாராவது கதவைத் தட்டி, நான் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்பார்கள்.

அம்மா மிளகுப் பால் கொடுத்தாள். பனங்கற்கண்டு கொடுத்தாள். யாரோ சொன்னார்கள் என்று பச்சை முட்டையும் கொடுத்தாள். உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. குரல் இன்னும் கொஞ்சம் இனிமையானது.

எதிர்வீட்டு நண்பன், "கடலுக்கு எதிரா நின்னு கத்து மச்சி. நாடகக்காரங்கல்லாம் அப்படித்தான் குரலைக் கட்டையாக்கறாங்க" என்றான். ஒரு விடியற்காலையில் அடையாறு பக்கக் கடற்கரைக்குப் போனேன். ஆள் நடமாட்டமே இல்லை. அலையைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து "ஆ!" என்று கத்தினேன். அடுத்த தடவை மூச்சை இழுப்பதற்குள் குப்பத்து மீனவர்கள் கயிறும் கையுமாக ஓடி வந்தார்கள்.

"இன்னா நைனா, ஒரு பொம்பள கொரல் கேட்டுச்சே! யாராச்சும் அலைல மாட்டிக்கினாங்களா?"

வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. அதற்குள் இரண்டு பேர் தண்ணீரில் குதித்தே விட்டார்கள். வேறு வழியில்லாமல், "அண்ணே, கத்துனது நான்தான்" என்றேன்.

அவர்களில் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவம்டா, பயத்துல புள்ளைக்குக் கொரலே மாறிப்பூட்ச்சு" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வருஷம் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நான் வேலைக்குப் போயே தீர வேண்டும். ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான் பெயரைச் சொன்னதும், கேள்வி கேட்க வேண்டியவர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வரவேயில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதுவும் அந்தக் குரலில்தானே கேட்கும் என்று விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை கிடைத்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாடையை மார்போடு ஒட்டவைத்துக்கொண்டால் எனக்கு ஒரு கட்டைக் குரல் வரும். அதில் பேசித்தான் அவரிடம் வேலை வாங்கினேன். அதனால் நாளெல்லாம் அதிலேயே பேச வேண்டியதாயிற்று. "சுங்குடி பார்க்கறீங்களாம்மா?" என்று நான் அன்பாகக் கேட்பது, கொள்ளைக்காரன் நகையைக் கழற்றச் சொல்வதுபோல் இருக்கும். பெண்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லை. திடீரென்று ஒரு பெண் அலறினாள்: "ஐயோ, என் பாப்பாவைக் காணோம்! மஞ்சக் கவுன் போட்டிருந்தா!" முதலாளி கத்திப் பார்த்தார். கடையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். அந்த இரைச்சலில் யாருடைய குரலும் எடுபடவில்லை. வாசலுக்கு வெளியே பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. எனக்குத் தாடை ஞாபகமே வரவில்லை. பெஞ்சு மேல் ஏறி நின்று, என் சொந்தக் குரலில் கத்தினேன்.

"மஞ்சக் கவுன் பாப்பா! அம்மா இங்க இருக்கேன், வாடா கண்ணு!"

கடையே அடங்கிப்போயிற்று. புடவைக் குவியலுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கவுன் ஒன்று தவழ்ந்து வந்தது. கூடவே இன்னொரு மஞ்சள் கவுனும், ஒன்றுமே போடாத ஒரு பயலும் வந்தார்கள். மாடிப்படியிலிருந்து யாரோ ஒருவருடைய கணவர், "இதோ வந்துட்டேன்மா, கோவிச்சுக்காதே" என்றபடி இறங்கி ஓடி வந்தார். முதலில் வந்த குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. மீசையைக் கண்டதும் வீரிட்டு அழுதது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஏலே, இத்தன நாளா இந்தக் குரல எங்கல வச்சிருந்த?"

தாடையை இறக்கிக்கொண்டு, "தொண்டை கட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பூதக் குரல் வேண்டாம்ல! அதக் கேட்டுக் கேட்டு வியாபாரமே படுத்துட்டு. இனிமே உன் குரல்லயே பேசு."

அன்றிலிருந்து அப்படியே பேசினேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துப் புடவையும் வாங்கினார்கள். இன்றைக்கு ஒரு பையனோ பெண்ணோ தன் திக்குவாயை, கோணல் மூக்கை, நெட்டைக் காலை மறைத்துக்கொண்டு கூனிக்குறுகி நின்றால், எனக்கு அந்தக் கழுத்துச் சுளுக்குதான் ஞாபகம் வருகிறது. கஷ்டம் எப்படியும் வரும். இன்னொருத்தர் மாதிரி நடித்துக்கொண்டே அதைப் பட்டால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து அசோக் நகரில் பெண் பார்க்கப் போனோம். "அங்க மட்டும் ரெண்டு வார்த்தை கட்டைக் குரல்ல பேசிடுடா" என்று அம்மா வழியெல்லாம் கெஞ்சினாள். முடியாது என்றுவிட்டேன். பஜ்ஜியை முடித்த கையோடு, "என் குரல் இதுதாங்க. இனிமே மாறாது" என்றேன். யார் பேசியது என்று பெண்ணின் மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க மறைக்காம சொன்னதால நானும் சொல்லிடறேன். எனக்குத் தூக்கத்துல குறட்டை வரும். லேசா."

கல்யாணம் நடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன ஒரே பொய் அந்த 'லேசா'தான்.