புளி மணத்த தாமரைக் காசு

இன்று புளி போட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும்போது, கடம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டி இருந்து, இப்போது தடமே இல்லாமல் போன நாயுடுவின் வாட்ச் ரிப்பேர் கடை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஒவ்வொரு கடிகாரமும் ஒரு நேரம் சொல்லும் அந்தக் கடையில், அச்சு பிசகிய காசுகளை அவர் விலைக்கு வாங்குவார். கண்ணில் லென்ஸைச் செருகி, விளிம்பைத் தடவி, முகர்ந்துகூடப் பார்த்து, அசலானதை மட்டும் சீட்டெழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். அம்மா காபித்தூளுக்குத் தந்த, தாமரை போட்ட இருபது பைசாவை நானும் தங்கையும் தண்டவாளத்தில் வைத்து நசுக்கி, கிரீஸ் போகப் புளியால் தேய்த்து நீட்டினோம்.

"தாமரை அடிக்கவே மறந்துட்டாங்க நைனா!"

அவர் முகர்ந்தார். "காசு அடிக்கிற எடத்துல இன்னாத்துக்கு பாப்பா புளி கரைச்சிக்கினு கீறாங்க?"

அழுதோம். வேறு இருபது பைசா தந்து அனுப்பினார். மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் காசு இருந்தது. சீட்டில், "அசல். அச்சடித்தது: அரக்கோணம் பாசஞ்சர்."