ஆயுத பூஜைக்கு மட்டும்

சுபஸ்ரீ கணினிப் பாடத்தை இரண்டு வருஷம் படித்தாள். அந்த இரண்டு வருஷத்தில் கணினியைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஈரத்துணியால் துடைப்பதற்கு.

தியாகதுருகம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பேர் வேண்டாம், எந்தப் பேரைப் போட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பத்தாவது முடித்ததும் உறவுக்காரர்கள் எல்லாம் நர்ஸுக்குப் படி, நர்ஸுக்குப் படி என்று காதைக் குடைந்தார்கள். அவள் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கணினிப் பயன்பாடுகளும் இருக்கிற குரூப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் அம்மா சின்னக்கண்ணு, நாராயணசாமியின் அரிசி மில்லில் களத்து வேலை பார்க்கிறவள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெறுங்காலால் கிளறிக்கொண்டே வெயிலில் நடக்க வேண்டும். சித்திரை மாதத்தில் அந்தச் சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் காயும். களத்தின் ஓரத்திலேயே கண்ணாடி போட்ட ஆபீஸ் அறை. உள்ளே ஏசி, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பில் போட ஆள் நிலைக்கவில்லை. வருகிறவன் எல்லாம் திருப்பூர், சென்னை என்று ஓடிக்கொண்டிருந்தான்.

"உம் பொண்ண கம்ப்யூட்டர் படிக்க வையி. பன்னெண்டாவது முடிச்சிட்டு வரட்டும். காலையில காலேஜிக்குப் போவட்டும், சாயங்காலம் இங்க வந்து பில்லு போடட்டும்" என்று நாராயணசாமி ஒருநாள் சொல்லிவிட்டார். சின்னக்கண்ணு அன்றைக்கே அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

"எங்காலுதான் வெந்து போச்சி. ஒங்காலாவது செருப்போட இருக்கட்டும்" என்பாள் மகளிடம்.

ஆக, சுபஸ்ரீக்கு வேண்டியிருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பரீட்சை முடிவதற்குள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாலு வரி அடிக்கத் தெரிய வேண்டும். பற்று எது, வரவு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அதை அந்தப் பெட்டிக்குள் எப்படிப் போடுவது என்பதுதான் தெரியவில்லை.

பள்ளியில் கணினிக்குத் தனி ஆசிரியர் கிடையாது. வணிகவியல் எடுக்கிற தெய்வசிகாமணி சார்தான் அதையும் எடுத்தார். எடுத்தார் என்றால், ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொல்லுவார், முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடச் சொல்லுவார், அவ்வளவுதான். ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் பேனாவால் நிரல் எழுத வேண்டும். திரையில் என்ன வருமோ அதை இடது பக்கம் பென்சிலால், ஸ்கேல் வைத்து வரைய வேண்டும். சுபஸ்ரீ வரைந்த திரையை சார் எல்லா செக்‌ஷனுக்கும் அனுப்பி, "இப்படி வரையணும்" என்று காட்டினார். கோலப்போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"சார், லேபுக்கு எப்ப சார் போறது?"

"போலாம்மா, போலாம். மொதல்ல பாடத்த முடிப்போம்."

பாடம் முடிந்தது. திருப்புதலும் தொடங்கியது. மறுபடி கேட்டாள்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்குதும்மா. ஒன்னு கெட்டுப் போச்சின்னா என் பென்ஷன்ல புடிப்பாங்க. நீயா வந்து கட்டுவ?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதைதான். அரசாங்கம் இறக்கி வைத்த பெட்டிகள் பூட்டின அறையில் உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன, சாவி சாரின் சட்டைப் பையில் இருந்தது.

வெளியே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தியாகதுருகத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டுப் பார்த்தாள். "கஸ்டமரு நிக்கிறாங்க, தள்ளுமா" என்றான் கடைக்காரன். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது, ஆனால் ஃபீஸ் கேட்டார்கள். அப்பா பழனி கட்டட வேலைக்குப் போகிறவர். "பள்ளிக்கூடத்துல சும்மா சொல்லிக் குடுக்கறத காசு குடுத்து எதுக்கு இன்னொரு வாட்டி படிக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். அப்பாவின் போனில் வீடியோ பார்த்தாள். வீடியோ பார்த்து நீச்சல் பழகினவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், அது எவ்வளவு உதவும் என்று.

லேப் வருஷத்தில் ஒருநாள், அதுவும் பன்னிரண்டாவது பெண்களுக்கு மட்டும் திறந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க" என்றார் சார். பெண்கள் கையில் ஈரத்துணி, சந்தனக் கிண்ணம், குங்குமம். சுபஸ்ரீக்கு ஜன்னல் ஓரத்துப் பெட்டி கிடைத்தது. இருந்ததில் ஓடக்கூடியது அது ஒன்றுதான் என்று சாருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அம்மன் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தாள். மற்றப் பெண்கள் திரையின் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். இவள் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் முகப்பில் வட்டமாக, லேசாகப் பள்ளம் விழுந்த ஒரு பொத்தான், பொட்டுக்கென்றே செய்து வைத்த இடம் போல இருந்தது. கெட்டியாகச் சந்தனத்தைக் குழைத்து அதில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சார் வந்து பார்த்து, "லட்சணமா இருக்குது" என்றார். சூடம் காட்டினார்கள், பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள், பூட்டினார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு செய்முறைத் தேர்வுக்குத் தேதி வந்தது. சார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். அறையைத் திறந்து, ஜன்னல் ஓரத்துப் பெட்டியின் உறையை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. விளக்கும் எரியவில்லை. குனிந்து பார்த்தார். சுற்றிலும் சந்தனம் இறுகிக் காரையாகக் கிடந்தது.

"எவ பண்ண வேல இது?"

சுபஸ்ரீ கையைத் தூக்கினாள்.

"இதுக்குத்தான் உங்கள உள்ள வுடறதில்ல! படிக்கிற புள்ள, சுவிட்ச்சு மேல போயி சந்தனத்த அப்புவியா?"

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "சுவிட்ச்சு எதுன்னு நீங்க காட்டவே இல்லியே சார். ரெண்டு வருஷமா வரைஞ்சிக்கினுதான இருக்கோம்."

சார் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிப் பூட்டிவிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட மேலிடத்து அனுமதி வேண்டுமாம். அந்த அனுமதி வரவே இல்லை.

தேர்வு நாளில் வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் அறையை ஒரு பார்வை பார்த்தார். தெய்வசிகாமணி சார் கையைப் பிசைந்தார்.

"வுடுங்க சார், எங்க ஸ்கூல்லயும் இதான் கதை. பேப்பர்ல எழுதி, வர்றத வரைஞ்சி குடுக்கச் சொல்லுங்க. கிராமத்துப் புள்ளைங்க, பாவம்" என்றார் அவர்.

சுபஸ்ரீ ஸ்கேல் வைத்து வரைந்தாள். மே மாதம் மதிப்பெண் வந்தது. செய்முறையில் முழு மதிப்பெண். சுபஸ்ரீக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் பார்த்துப் போட்ட மார்க் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். சின்னக்கண்ணு காதில் வாங்கவில்லை. மறுநாளே மதிப்பெண் தாளோடு மகளை ஆபீஸ் அறை வாசலில் விட்டுவிட்டு, தான் செருப்பைக் கழற்றிப்போட்டுக் களத்தில் இறங்கினாள்.

"முழு மார்க்கா! பார்றா" என்றார் நாராயணசாமி. கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைத்தார். "நேத்து மூட்ட போன பில்லுங்க இருக்குது. ஏத்திடு, லோடு வந்திருக்குது, பாத்துட்டு வரேன்."

திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. சுட்டியைத் தொட்டாள். அம்புக்குறி ஒரு மூலைக்கு ஓடிப்போனது. பிடித்து இழுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு பேரை அடித்தாள். ஏதோ ஒன்றை அழுத்தினாள், எல்லாம் காணாமல் போயிற்று. ஏசியிலும் கழுத்து வியர்த்தது. நாராயணசாமி திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியலிங்க. பள்ளிக்கூடத்துல தொடவே வுடல."

அவர் சிரித்தார். சிரிப்பு நின்றதும் மதிப்பெண் தாளைத் தட்டினார். "தெரியாதவளுக்கு எவன் முழு மார்க்கு போடுவான்? இஷ்டமில்லன்னா நேரா சொல்லிட்டுப் போ. களத்துக்காரி பொண்ணு நாலு எழுத்து படிச்சதும் எங்க வேல கேவலமாப் பூடுச்சா?"

இல்லை என்று எதைக் காட்டிச் சொல்லுவாள்? அவள் பக்கம் பேச ஒரு சாட்சி இல்லை. தாளை மடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தாள்.

களத்தின் நடுவிலிருந்து சின்னக்கண்ணு பார்த்துவிட்டாள். காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்தாமல், கூட வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி, முகமெல்லாம் சிரிப்பாகக் குரல் கொடுத்தாள்:

"இன்னாடி, அதுக்குள்ளயே எல்லாத்தயும் ஏத்திட்டியா?"