கார்டு இல்லாத பிரஸ்

என் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது போனவை. கை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்புக் கூண்டை கார்டு என்போம். என் மெஷினுக்கு அது இருந்ததே இல்லை. விசாரணையில் சூப்பர்வைசர், "கார்டு போட்டுத்தான் இருந்துச்சு, இவனே கழட்டிட்டான்" என்று எழுதிக்கொடுத்தார். வேலையும் போனது. நாற்பது வருடமாக அந்த வரியை மென்றுகொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். ஜூஜுவாடியில் பழைய இரும்பு வாங்கும் பாய்க்கு நான் அங்கே வேலை பார்த்தவன் என்று தெரியும். போன் செய்தார்.

"உங்க கம்பெனி சாமான்ல பிலிம் டப்பா ஒண்ணு வந்திருக்குதுங்க."

டப்பா மேல் 'பிரஸ் ஷாப்' என்று எழுதி, என் விபத்துக்கு முந்தைய மாதத்தைப் போட்டிருந்தது. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்ட அப்போது கம்பெனியில் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது.

ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் முதலில் கேட்டேன். "சுவத்துல ஓட்டி போன்ல புடிச்சிரலாம் சார்" என்றார்கள். திரும்பிவிட்டேன். பெங்களூரில் பெரிய கடை ஒன்றில், வைத்துவிட்டுப் போங்கள், மும்பைக்கு அனுப்புவோம், கெட்டுப்போன இடங்களை வெட்டி அழகாகத் தருவோம் என்றார்கள். வெட்டுகிறவன் எதை வெட்டுவான் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் வேண்டாம்.

மூன்றாவது இடம் ஒரு பெண் வீட்டு மாடியில் தனியாக நடத்துவது. கன்னடக்காரர். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி. முகர்ந்து பார்த்துவிட்டு, "சுருங்கிடுச்சு சார். புரொஜெக்டர்ல போட்டா கிழியும். ஒவ்வொரு ஃப்ரேமா ஸ்கேன் பண்ணணும். ஸ்வல்ப டைம் ஆகும்" என்றார்.

"ஒண்ணும் வெட்டக் கூடாதும்மா. கலர்கூட ஏத்தாதீங்க. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

"உக்காருங்க. யார் மேலயோ கோவம் போல" என்றார்.

இரண்டாம் நாள் மதியம் என் மெஷின் திரையில் வந்தது. கார்டு இல்லை. மெஷின் வாய்க்குள் தகட்டை வைத்து எடுக்கும் கை என்னுடையது, ஐந்து விரலோடு. பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார் சூப்பர்வைசர். அந்தப் பெண் என் கையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

பென்டிரைவோடு கிருஷ்ணகிரியில் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். வயதாகி ஒடுங்கியிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை; கம்பெனியின் பழைய படம் என்றதும் மகிழ்ந்து, மனைவியையும் மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். டிவியில் ஓடியது.

"பாரு, நான் எப்படி இருந்தேன்!"

"கார்டு எங்க சார்?" என்றேன்.

"அந்தக் காலத்துல எவன்யா கார்டு போட்டான்?" சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நான் கழட்டுனேன்னு எழுதுனீங்களே சார்."

மகன், "என்னப்பா இது?" என்று கேட்டார். சூப்பர்வைசரின் மனைவி டிவியை அணைக்க எழுந்தார்.

"உக்காருங்கம்மா. இன்னொரு தடவை ஓடட்டும்."

ஓடியது. மூன்று பேரும் பார்த்தார்கள். எனக்கு இனித்தது, பொய் சொல்லவில்லை.

மறுநாள் பழைய தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். சூப்பர்வைசரும் அதில் இருந்தார். அன்றே வெளியேறினார். அவர் மகன் இரண்டு முறை போன் செய்து, "அப்பா சாப்பிட மாட்டேங்கிறாரு, எடுத்துருங்க" என்று கெஞ்சினார். இன்னும் எடுக்கவில்லை.