ஒற்றைத் தையல்

பிறக்கப்போகும் என் பிள்ளைக்குப் பஞ்சுப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். ஓரத்தில் வைக்க, அம்மா தன் கலியாணக் கூறைச் சேலையின் சரிகைக் கரையைத் தந்திருந்தார். அந்தச் சேலையில் மிஞ்சியது அது மட்டும்தான். உள்துணியைக் கிழித்த சத்தத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

சண்டைக் காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. இரணைமடு வீட்டை விட்டு இடம்பெயர்ந்து கடற்கரை மணலில் கூடாரம் போட்டிருந்தோம். பதுங்குகுழியைச் சுற்றி அடுக்க மண் மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. அம்மா தன் சேலைகளைக் கிழித்துத் தர, நான் கையால் சுற்றும் தையல் மெசினில் பைகளாக அடித்தேன். கடைசியில் கூறையும் வந்தது. சரிகை ஊசியை முறிக்குமென்று கரையை மட்டும் வெட்டி எடுத்தார்.

“ரெண்டு தரம் அடி பிள்ளை. ஒற்றைத் தையலெண்டால் மண் சிந்திப்போடும்.”

கூறைப் பையை ஒற்றைத் தையலோடு விட்டுவிட்டேன். கை உளைந்தது, அவ்வளவுதான். அதைக் குழிக்குள் என் தம்பி படுக்கும் தலைமாட்டுப் பக்கம் அடுக்கினார்கள். அடுத்த நாள் ஷெல் விழுந்து அந்தப் பக்கம் சரிந்தது. தம்பி எழும்பவில்லை.

போர்வையைத் தைத்து முடித்ததும் அம்மா வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கரை முழுவதும் இரண்டு தரம் அடித்திருந்தேன். விறைத்துக்கொண்டு நின்றது.

“குழந்தைக்குக் குத்தும். ஒண்டைப் பிரிச்சுவிடு.”

நான் அசையவில்லை. அம்மாவே பிளேடை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். தலை நிமிராமலே சொன்னார்:

“அண்டைக்குத் தம்பியை எடுக்க மண்ணைக் கிளறினது நான்தானே. கூறைப் பை பிரியேல்லை, பிள்ளை.”

அந்த ஒற்றைத் தையலைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.